அம்பதா, பதினேழு-அம்பதா? மண்டபத்தில் எங்கே நிற்கப் போகிறீர்கள்?

செக்கானூரணிப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான்:

"அண்ணே, ரெண்டு வருசமா கேனான் 1500டி கேமரா வச்சிருக்கேன். அதோட வந்த 18-55, 55-250 லென்ஸ் ரெண்டும் இருக்கு. குலதெய்வம் கோயில்ல அண்ணன் மகனுக்குக் காது குத்தினப்ப எடுத்த படம் பூரா ஒண்ணு ஷேக், இல்லாட்டி புள்ளி புள்ளியா மண்ணு தூவின மாதிரி இருக்கு. ரெண்டு மூணு அனுப்பியிருக்கேன், பாருங்க. ஆவணியில சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், திருமங்கலத்துல மண்டபம். அவங்க ஒரு போட்டோகிராபரைப் பேசிட்டாங்க, இருந்தாலும் நானும் நல்லா எடுத்துக் கொடுக்கணும். பின்னாடி சின்னச் சின்ன விசேஷம் எடுத்து நாலு காசு பார்க்கலாம்னும் ஒரு யோசனை. கையில முப்பதாயிரம் இருக்கு. கூட்டாளிங்க எல்லாம் 50 எம்எம் பிரைம் வாங்கச் சொல்றாங்க. ஸ்டுடியோ வச்சிருக்க மாமா, பிரைமை மாட்டிக்கிட்டு மண்டபத்துல சுவத்துல முட்டிக்கிட்டுத்தான் நிக்கணும், 2.8 ஜூம் வாங்குடாங்கறார். ஜல்லிக்கட்டும் எடுக்கணும்ணே. எதை வாங்க?"

தம்பி, கூட்டாளிகள் சொன்னதும் சரி, மாமா சொன்னதும் சரி. கூட்டாளிகள் படம் எடுப்பது அவர்கள் ஆசைக்கு, மாமா எடுப்பது அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு. அந்த வித்தியாசத்தில்தான் உங்களுக்குக் குழப்பமே. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு: இப்போதைக்கு 50 எம்எம் 1.8 பிரைமை, அதாவது ஜூம் ஆகாமல் ஒரே எம்எம்-இல் நிற்கும் லென்ஸை, வாங்குங்கள், மீதிப் பணத்தை வங்கியிலேயே விட்டு வையுங்கள். 2.8 ஜூமை, யாராவது உங்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள், வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதையும் சொல்கிறேன், அதைச் செய்து பார்த்தபின் 50-க்குப் பதில் வேறு பிரைம் என்று முடிவு மாறினாலும் மாறலாம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் அந்த இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். தகரக் கொட்டகை, ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் பின்பக்கம். தாய்மாமன் மடியில் பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறான், ஆசாரி கை காதுமடலில் இருக்கிறது. நல்ல நேரத்தில்தான் அமுக்கியிருக்கிறீர்கள். படத்தோடு பதிவாகியிருக்கும் விவரத்தைப் பார்த்தேன்: 55 எம்எம் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் கிட்டே இழுக்கும்), அபர்ச்சர் என்கிற லென்ஸ் துவாரம் 5.6, ஐஎஸ்ஓ 6400 (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, ஏற்ற ஏற்றப் புள்ளி விழும்), ஷட்டர் 1/30 வினாடி. தூணும் பின்னால் நிற்கும் பாட்டியும் நறுக்கென்று இருக்கிறார்கள், பிள்ளை முகமும் ஆசாரி விரலும் மட்டும் இழுத்துவிட்டன. அதாவது உங்கள் கை நடுங்கவில்லை. கை நடுங்கியிருந்தால் தூணும் சேர்ந்து இழுத்திருக்கும். உங்கள் 18-55-இல் ஸ்டெபிலைசர் இருக்கிறது, அது உங்கள் கை ஆட்டத்தைச் சமாளிக்கும், அழுகிற பிள்ளையின் தலை ஆட்டத்தை அது என்ன செய்யும்? அதற்கு ஷட்டர்தான் வேகமாக வேண்டும். வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும், அது கொட்டகையில் இல்லை. ஐஎஸ்ஓ ஏற்கெனவே உச்சத்தில். 1500டி-யில் வழக்கமான எல்லை 6400-தான், அதற்கு மேல் 12800 என்று ஒன்று திறந்து வைக்கலாம், அந்தப் பக்கம் போகாதீர்கள். மிச்சம் இருப்பது லென்ஸின் துவாரம் ஒன்றுதான்.

இந்த 5.6, 1.8 என்ற எண்களைப் பலர் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். கணக்கு எளிது: லென்ஸின் எம்எம்-ஐ அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும். உங்கள் கிட் லென்ஸை, அதாவது கேமராவோடு வந்த 18-55-ஐ, 55-இல் வைத்தால் 55-ஐ 5.6-ஆல் வகுக்க வேண்டும், 10 எம்எம்-க்கு ஒரு நூல் குறைவு. 50 எம்எம் பிரைமில் 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 எம்எம். படத்தில் விழும் வெளிச்சம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. அதே கொட்டகை, அதே டியூப்லைட், அதே பிள்ளை. ஐஎஸ்ஓ-வைப் பாதியாக்கி 3200-இல் வைத்தாலும் ஷட்டர் 1/125-ஐத் தாண்டி ஓடும். அந்த முகம் நின்றிருக்கும், மண் தூவின மாதிரியும் இருக்காது. மாமா சொல்கிற 2.8 ஜூமை மாட்டியிருந்தால்? நாலு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200-இல் 1/60 கிடைக்கும். 1/30-க்கு அது தேவலை, ஆனால் அழுகிற பிள்ளைக்கு 1/60 போதாது, ஐஎஸ்ஓ-வை மறுபடி 6400-க்கு ஏற்றத்தான் வேண்டியிருக்கும். ஆக, காதுகுத்துப் படத்துக்கு மருந்து பிரைம்தான். இதில் மாமாவே வந்து நின்றாலும் மறுப்பு சொல்ல மாட்டார்.

இனி மாமா பக்கம். உங்கள் கேமராவின் சென்சார் சின்னது, பழைய பிலிம் அளவில் இல்லை, அதனால் கேனானில் எந்த லென்ஸின் எம்எம்-ஐயும் 1.6-ஆல் பெருக்கித்தான் அது காட்டும் அகலத்தை மதிப்பிட வேண்டும். 50 என்று போட்டிருப்பது உங்கள் கேமராவில் 80 மாதிரி நடந்துகொள்ளும். யூடியூபில் 50-ஐப் "பார்க்கிற கண் மாதிரியே" என்று புகழ்கிறார்களே, அவர்கள் கையில் இருப்பது ஃபுல் ஃபிரேம் கேமரா, அதன் சென்சார் பழைய பிலிம் அளவு. உங்கள் 1500டி-யில் அதை மாட்டினால் நிற்கிற ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தும் 15 அடி தள்ளி நிற்க வேண்டும். மணமேடையில் பொண்ணு மாப்பிள்ளையோடு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் என்று பத்துப் பேர் வரிசை கட்டினால் அகலம் 16 அடி வந்துவிடும், அதை 50-இல் அடக்க கிட்டத்தட்ட 37 அடி பின்னால் போக வேண்டும். அதே வரிசை 18 எம்எம்-இல் 13 அடியிலேயே அடங்கிவிடும்.

37 அடி என்பது மண்டபத்தில் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேடைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு அடி காலியிடம், அதிலும் வீடியோக்காரர் ஸ்டாண்டு, சாஃப்ட் பாக்ஸ் லைட், கேபிள். அதற்குப் பின்னால் முதல் வரிசை நாற்காலிகளில் பெரியவர்கள், அடுத்து ஏழெட்டு வரிசை. நீங்கள் 37 அடியில் நின்றால் உங்களுக்கும் மேடைக்கும் நடுவே அட்சதையோடு கையைத் தூக்கிக்கொண்டு ஐம்பது பேர் எழுந்து நிற்பார்கள், கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் உங்கள் வியூபைண்டரில் தெரிவது முதுகும் செல்போனும்தான். மாமா சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொன்னது மிகை இல்லை.

"முன்னும் பின்னும் நடந்தால் ஜூம் ஆகிவிடும்" என்று பிரைம் ஆதரவாளர்கள் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். விளக்குத்தூண் பக்கம் சாயங்காலம் சும்மா சுற்றுகிறவருக்கு அது பொருந்தும். தாலி கட்டுகிற நேரத்தில் மேடையில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அக்கா, தங்கச்சி, நாத்தனார் என்று கூட்டம் நெருக்குகிறது, ஐயர் தட்டை நீட்டுகிறார், நீங்கள் எங்கே நடப்பீர்கள்? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற காலையில் வைகைக்குள் நின்றிருக்கிறீர்களா? அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நகர்த்துகிறது. காலை அசைக்க முடியாத இடத்தில் லென்ஸ்தான் அசைய வேண்டும், அதுதான் ஜூமின் வேலை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. நடந்து கிட்டே போவதும், நின்ற இடத்திலிருந்து ஜூம் பண்ணுவதும் ஒரே படத்தைத் தராது. முகத்தின் வடிவம் தூரத்தைப் பொறுத்தது. 18 எம்எம்-இல் மூன்றடி பக்கத்தில் போய்ப் பொண்ணு முகத்தை எடுத்தீர்கள் என்றால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் ஒதுங்கி, ஆல்பம் வரும்போது பொண்ணு வீட்டில் வருத்தப்படுவார்கள். அதே முகத்தை ஏழெட்டு அடி தள்ளி நின்று 50-இல் எடுங்கள், உள்ளபடி இருக்கும். அதனால் ஜூம் வைத்திருப்பவருக்கும் நான் சொல்வது: முதலில் நிற்க வேண்டிய தூரத்தை முடிவு பண்ணுங்கள், பிறகு வளையத்தைத் திருகுங்கள். நின்ற இடத்திலேயே நின்று வளையத்தை மட்டும் திருகிக்கொண்டிருக்கும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். 50-ஐ மாட்டினால் அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை, தூரத்தை அதுவே கற்றுக்கொடுத்துவிடும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் பிரைமைப் பரிந்துரைப்பதற்கு வெளிச்சத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

சரி, மாமா சொல்லும் 2.8 ஜூமுக்கு என்ன பெருமை? உங்கள் 18-55 லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். 18-இல் 3.5, 55-க்குப் போகப் போக 5.6 ஆகிவிடும். அகலமாக ஒரு படம் எடுத்துவிட்டு முகத்துக்கு ஜூம் பண்ணினால் பாதிக்கும் கீழே வெளிச்சம் குறைந்துவிடுகிறது, மேனுவலில் வைத்திருந்தால் படம் இருட்டிவிடும். 17-50 2.8 லென்ஸில் எந்த முனைக்குத் திருகினாலும் 2.8 நிலையாக நிற்கும். ஒரு தடவை மண்டபத்து லைட்டுக்கு செட் பண்ணிவிட்டால் முகூர்த்தம் முடிகிற வரை கை அமைதியாக வேலை பார்க்கும். தொழிலுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். இப்போதெல்லாம் மேடையில் வீடியோவுக்காக அடிக்கிற வெளிச்சத்தில் 2.8 தாராளமாகப் போதும், 1.8-க்கு அவசியமே வராது. சிக்மா 17-50 2.8, டாம்ரான் 17-50 2.8 இரண்டும் உங்கள் மாதிரி சின்ன சென்சார் கேமராவுக்கென்றே வந்தவை. டாம்ரானில் ஸ்டெபிலைசர் உள்ளது, இல்லாதது என்று ரெண்டு மாடல், அதன் ஆட்டோபோக்கஸ் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும், வீடியோவுக்கு ஆகாது. சிக்மா சத்தமில்லாதது, எடை 565 கிராம். 50 எம்எம் பிரைமின் எடை 160 கிராம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், காலை நாலரைக்கு மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்து பந்தி முடிகிற வரை கழுத்தில் தொங்கும்போது அந்த 400 கிராம் தெரியும். ஜூமிலேயே 1.8 வேண்டும் என்றால் சிக்மா 18-35 ஒன்று இருக்கிறது, 2013-இல் வந்தது, அருமையான லென்ஸ், ஆனால் 800 கிராமுக்கு மேல் கனம், 35-லேயே நின்றுவிடும், புதிதாக உங்கள் முப்பதாயிரத்துக்குள்ளும் வராது. அதை மறந்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் 50-ஐ வாங்கச் சொல்கிறேன் என்றால், ஆவணிக் கல்யாணத்தில் நீங்கள் பொறுப்பாளி இல்லை. வரிசை போட்டோ, தாலி, மாலை மாற்றுதல், மெட்டி எல்லாவற்றுக்கும் அந்த போட்டோகிராபர் இருக்கிறார். அவர் முன்னால் போய் நின்று அதே படத்தை நீங்களும் எடுத்து என்ன பிரயோசனம்? (அவர் பிரேமுக்குள் நீங்கள் விழுந்தால் திட்டு வேறு விழும், நியாயமான திட்டுதான்.) நீங்கள் வீட்டு ஆள். அவருக்குத் தெரியாத ஆட்கள் உங்களுக்குத் தெரியும். மொய் எழுதுகிற மேஜையில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நோட்டைப் பார்க்கிற பெரியப்பா, மணப்பெண் அறையில் பூ வைத்துக்கொண்டிருக்கும் சித்தி, தவில்காரரின் கை, சமையல் கட்டில் அண்டாவைக் கிளறுகிறவர், மண்டப வாசலில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சித்தப்பா. இதெல்லாம் எட்டடி, பத்தடி, பதினைந்தடி தூரத்தில் நடப்பவை, மேடை லைட் எட்டாத மூலைகளில் நடப்பவை. 50 எம்எம் 1.8-க்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அகலமாக ஏதாவது வேண்டும் என்றால், மேடை அலங்காரம், பந்தி வரிசை மாதிரி, கிட் லென்ஸ் பையில் இருக்கவே இருக்கிறது. அசையாத விஷயத்துக்கு 18-இல் 3.5-உம் ஸ்டெபிலைசரும் போதும்.

50-ஐ வாங்கியதும் எல்லோரும் செய்கிற ஒரு காரியம், 1.8-இல் வைத்து அதை மாற்றாமலே எல்லாவற்றையும் எடுப்பது. பின்னால் மங்கலாகிறது என்ற சந்தோஷம். உங்கள் கேமராவில் 50-ஐ 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 11 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டருக்கு நெருங்கினால் 6 சென்டிமீட்டர். பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், மாப்பிள்ளை அரை அடி பின்னால் இருக்கிறார் என்றால் பொண்ணு முகம் நறுக்கென்று, மாப்பிள்ளை அவுட். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஒரு முகம் என்றால் 1.8 அல்லது 2, இரண்டு முகம் என்றால் 4 வரை மூடுங்கள், குரூப் என்றால் கிட் லென்ஸை எடுங்கள். போக்கஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விடாதீர்கள், அதற்குப் பிடித்தது எப்போதும் நெத்திச்சுட்டியும் மாலையும்தான். 1500டி-யில் ஒன்பது புள்ளிகள், அதில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கும் நெடுக்கும் இரண்டு வழியிலும் பார்க்கக்கூடியது, மங்கல் வெளிச்சத்தில் நம்பகமானது அது ஒன்றே. அதைக் கண்ணில் வைத்து, அரை அமுக்கில் பிடித்துக்கொண்டு பிரேமைத் திருத்தி எடுங்கள். திருத்துகிற சாக்கில் உடம்பு முன்னால் பின்னால் சாயக் கூடாது, இருப்பதே ஒரு சாண் ஆழம்கூடக் கிடையாது.

மண்டபத்து லைட் பற்றி ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி-யும் பழைய டியூப்லைட்டும் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. 1.8 கிடைத்துவிட்டது என்று ஷட்டரை 1/500-க்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், ஒரு படம் மஞ்சள், அடுத்த படம் பச்சை என்று நிறமும் ஆடும். அந்த மாதிரி இடத்தில் 1/100-இல் நில்லுங்கள்.

ஜல்லிக்கட்டுக்கு நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். அவனியாபுரமோ பாலமேடோ அலங்காநல்லூரோ, தை வெயிலில் பட்டப்பகலில் நடக்கிற காரியம். உங்களிடம் இருக்கும் 55-250, 250 முனையில் 400 எம்எம் மாதிரி இழுக்கும். அபர்ச்சர் 5.6, ஐஎஸ்ஓ 200 வைத்தாலே நல்ல வெயிலில் ஷட்டர் 1/1000-க்கு மேல் நிற்கும், மாட்டின் திமிலில் தொங்குகிறவரை நிறுத்த அது போதும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70-200 2.8-ஐத் தூக்கிக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் நிற்பதைப் பார்த்து ஏங்க வேண்டாம், அவர்கள் ராத்திரிக் கூட்டத்துக்கும் அதையேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிரைமை அங்கே கொண்டு போகவே போகாதீர்கள். வாடிவாசலுக்கு முன்னால் கிளம்புகிற புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசி உட்கார்ந்துவிடும், அப்புறம் எடுக்கிற ஒவ்வொரு வானத்திலும் கரும்புள்ளி இருக்கும். வீட்டிலேயே 55-250-ஐ மாட்டிவிட்டு, திரும்ப வீட்டுக்கு வந்து கழற்றுங்கள். கேலரியில் இடம் பிடிக்க விடியும் முன்னே போக வேண்டும், அது லென்ஸைவிடப் பெரிய பிரச்சினை.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை என்றேனே, அது இதுதான். ரெண்டு வருசத்தில் நீங்கள் எடுத்ததில் உங்களுக்கே பிடித்த படங்களை ஒரு போல்டரில் போடுங்கள். கம்ப்யூட்டரில் படத்தின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போனால் எத்தனை எம்எம்-இல் எடுத்தது என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் 45, 50, 55 என்றே வந்தால் யோசிக்காமல் 50 வாங்குங்கள். 18, 20, 24 என்றே வந்தால் உங்கள் கண் அகலத்தைத் தேடுகிற கண், 50 வாங்கினால் ஒரு மாசத்தில் அலமாரிக்குப் போய்விடும். உங்களுக்கு கேனான் 24 எம்எம் 2.8 பான்கேக் பொருத்தம், 125 கிராம்தான், கையளவு லென்ஸ், வெளிச்சம் 1.8 அளவுக்கு வராது என்பதை மட்டும் தெரிந்து வாங்க வேண்டும். தாளில் எண்கள் எங்கும் நிலைக்காமல் 18-லிருந்து 55 வரை சிதறிக் கிடந்தால் நீங்கள் பிறவி ஜூம்காரர், மாமா பேச்சைக் கேளுங்கள்.

அந்தத் தாளின் மேலும் சந்தேகம் இருந்தால் கிட் லென்ஸை 50-இல் வைத்து வளையத்தைச் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி குவித்து வைத்து எடை போடுகிற நேரத்தில் ஒரு சுற்று, பிறகு திருமலை நாயக்கர் மகாலில் ஒரு சுற்று. மார்க்கெட்டில் சந்தோஷமாக இருக்கும், முகம் முகமாகக் கிடைக்கும். மகாலில் அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று எவ்வளவு பின்னால் போனாலும் பிரேமுக்குள் அடங்காமல் எரிச்சல் வரும். எது உங்களுக்கு அதிகம் உறைக்கிறது என்று பாருங்கள். காசு கொடுக்காமல் கிடைக்கிற பரிசோதனை, ஒன்றே ஒன்று, 5.6-இன் இருட்டோடு செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம் மீதிப் பணம். முதல் ஆர்டர் வந்ததும் அதில் ஒரு பகுதிக்கு தலை திரும்புகிற ஃபிளாஷ் ஒன்று வாங்குங்கள், மேலே திருப்பி வெள்ளைச் சீலிங்கில் அடித்தால் 5.6 கிட் லென்ஸும் ஒழுங்காக நடந்துகொள்ளும். உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போய் மாட்டி, அடித்துப் பார்த்து வாங்குங்கள், எல்லா ஃபிளாஷும் எல்லா பாடியிலும் எரிந்துவிடாது. 2.8 ஜூமை அந்த விசேஷத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். நாலு விசேஷம் அப்படி எடுத்தபின் வாடகைக் கணக்கும் உங்கள் வருமானமும் வாங்கலாமா என்று தானே சொல்லிவிடும். காசு வாங்கிக்கொண்டு தனி ஆளாகப் போகிற இடத்துக்கு 50-ஐ மட்டும் நம்பிப் போகவே கூடாது, இதில் நான் முழுக்க மாமா கட்சி. தாலி முடிச்சு யாருக்காகவும் காத்திருக்காது, லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று பொண்ணு வீட்டில் சொல்ல முடியாது.

ஜூமைப் பழையதாக வாங்குகிற யோசனை வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 50 பிரைமுக்குள் இருப்பது ஆறே கண்ணாடி, சிக்மா 17-50-க்குள் 17. அசைகிற பாகமும் அதிகம். ஜூம் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே தூசியும் போகும். கொஞ்சம் தூசி படத்தைக் கெடுக்காது, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி, வேர் விட்ட மாதிரி ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். லென்ஸைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று 2.8-இல் ஒரு படம் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் மங்கினால் அது எங்கோ கீழே விழுந்து எழுந்த லென்ஸ்.

கடையில் 50 கேட்கும்போது "இஎஃப் 50 எம்எம் 1.8 எஸ்டிஎம்" என்று முழுசாகக் கேளுங்கள். 2015-இல் வந்தது, மவுண்ட் (கேமராவில் மாட்டுகிற வளையம்) உலோகம். அதற்கு முந்தைய பழைய மாடல் ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், மவுண்ட் பிளாஸ்டிக், போக்கஸ் இரைச்சல், ஐந்நூறு ஆயிரம் வித்தியாசம் என்றால் அது வேண்டாம். இப்போது கடைகளில் முன்னால் அடுக்கியிருப்பது ஆர்எஃப் 50 எம்எம் 1.8. பெட்டியைப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு, உங்கள் 1500டி-யில் மாட்டவே மாட்டாது, அதற்கு அடாப்டரும் கிடையாது. மறுபக்கம், இஎஃப் வாங்கினால் நாளைக்கு நீங்கள் கேனான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இதையே ஓட்டிக்கொள்ளலாம். கேமராவைக் கையோடு கொண்டு போய், கடையிலேயே மாட்டி, கடைக்காரர் முகத்தையே 1.8-இல் ரெண்டு படம் எடுத்து, கண்ணில் போக்கஸ் நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள். தள்ளிப் போய் காதிலோ மூக்கிலோ நின்றால் வேறு பீஸ் கேளுங்கள், 1500டி-யில் அதைச் சரிசெய்கிற வசதி கிடையாது.